தொழுவமும் மேடையும்

(இசை ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் என்றொரு வட்டாரம் இருக்கிறது. புல்வெளியும் பால்மாடும் நிறைந்த பூமி. செடார் பாலாடைக்கட்டிக்குப் பெயர் கொடுத்த ஊர் அங்கேதான் உள்ளது. அந்த வட்டாரத்தில் பில்டன் என்னும் சின்னக் கிராமத்தில், ஜூன் மாதக் கடைசியில், இரண்டு லட்சம் பேர் ஐந்து நாள் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். பெரிய நகரம் ஒன்று முளைத்து, பாட்டுக் கேட்டு, ஒரே வாரத்தில் காணாமல் போகிறது. உலகம் அதைக் கிளாஸ்டன்பரி விழா என்று அழைக்கிறது. உண்மையில் கிளாஸ்டன்பரி நகரம் அங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது. விழா நடப்பது வொர்த்தி என்னும் கறவை மாட்டுப் பண்ணையில். அதன் சொந்தக்காரர்தான் இன்றைய பேச்சின் நாயகர், மைக்கேல் ஈவிஸ்.

மீசையை மழித்து, தாடையைச் சுற்றி மட்டும் வெள்ளைத் தாடி. எந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை. 1935-இல் பிறந்த அவருக்கு 2024 புத்தாண்டுப் பட்டியலில் ‘சர்’ பட்டம் கிடைத்தது. இந்த மனிதரின் கதையை, அவர் மேடையில் பாடிப் போனவர்களின் பட்டியலாகவே சொல்லி முடித்துவிடலாம். டேவிட் போவி, பால் மெக்கார்ட்னி, ஸ்டீவி வொண்டர், எல்டன் ஜான் என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால் அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது. ஈவிஸுக்கு முன்பே பிரிட்டனில் இசை விழா நடத்தியவர்கள் பலர். சங்கீதம் தெரிந்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள், லண்டனில் செல்வாக்கு உள்ளவர்கள். அவர்களில் ஒருவர்கூடக் கடைசிவரை தாக்குப்பிடிக்கவில்லை. பால்காரர் ஒருவர் மட்டும் ஐம்பது ஆண்டு எப்படி நின்றார்?

முதலில் அந்த முன்னோடிகளைப் பார்ப்போம்.

ஹரால்ட் பெண்டில்டன் கணக்காளராக இருந்தவர், ஜாஸ் பைத்தியம். 1958-இல் லண்டனில் மார்க்கீ கிளப்பைத் தொடங்கினார். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்தப் பெயரில் முதன்முதலாக 1962-இல் மேடையேறியது அங்கேதான். அவர் 1961-இல் ரிச்மண்டில் ஒரு ஜாஸ் விழாவை ஆரம்பித்தார். கூட்டம் பெருகப் பெருகப் புகாரும் பெருகியது. விழா விண்ட்சருக்குப் போனது. அங்கிருந்து சன்பரி, பிறகு பிளம்ப்டன். 1971-இல் ரீடிங் நகரத்தில் ஒருவழியாகக் கூடாரம் அடித்தது. அதற்கும் விடிவில்லை. 1984-இலும் 1985-இலும் நகராட்சி இடம் தர மறுத்ததால் விழாவே நடக்கவில்லை. எண்பதுகளின் இறுதியில் அது வேறு கைக்கு மாறிவிட்டது. இன்றைய ரீடிங் விழாவின் வேர் பெண்டில்டனுடையது, கனி அவருடையதாக இல்லை.

அடுத்து ஃபௌக் சகோதரர்கள். வைட் தீவில் 1968-இல் தொடங்கினார்கள். மறு ஆண்டே பாப் டிலனை அழைத்துவந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 1970 ஆகஸ்டில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், தி ஹூ, ஜோனி மிட்செல் எல்லோரும் வந்தார்கள். கூடவே லட்சக்கணக்கில் கூட்டமும் வந்தது. விழாத் திடலை ஒட்டி ஒரு குன்று. டிக்கெட் வாங்காதவர்கள் அதன்மேல் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தார்கள். வேலி கட்டியும் பயனில்லை, பிய்த்து எறிந்தார்கள். கடைசியில் ‘இனி இது இலவச விழா’ என்று மேடையிலிருந்தே அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு நாடாளுமன்றம் அந்தத் தீவுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஐயாயிரம் பேருக்குமேல் இரவில் திறந்தவெளியில் கூட வேண்டுமானால் உரிமம் வேண்டும். 2002 வரை வைட் தீவில் அந்த விழா திரும்பவில்லை. திரும்பியபோது நடத்தியவர் வேறொருவர்.

மூன்றாமவர் ஃப்ரெடி பேனிஸ்டர். நம் கதைக்கு நேரடித் தொடர்பு உள்ளவர். 1970 ஜூனில் சாமர்செட்டின் ஷெப்டன் மாலட் கண்காட்சித் திடலில் அவர் பாத் புளூஸ் விழாவை நடத்தினார். லெட் செப்பலின் பாடியது. அதன்பிறகு அவர் நெப்வொர்த் மாளிகையின் தோட்டத்துக்குப் போனார். நமக்கு அந்த மாளிகை அந்நியமானதல்ல. அது லிட்டன் குடும்பத்தின் பரம்பரை வீடு. சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியபோது இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த அதே லிட்டன் பிரபுவின் குடும்பம்தான். அந்தத் தோட்டத்தில் 1974 முதல் பேனிஸ்டர் நடத்திய விழாக்களில் பிங்க் ஃப்ளாய்டும் ரோலிங் ஸ்டோன்ஸும் பாடினார்கள். 1979 ஆகஸ்டில் லெட் செப்பலின் இரண்டு வாரக் கடைசிகளில் பாடியது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்டுக்கும் அவருக்கும் தகராறு மூண்டது. தலைக்கணக்கு என்றால் பணக்கணக்கு. பேனிஸ்டரின் நிறுவனம் அதோடு மூழ்கியது, அவரும் விழாத் தொழிலை விட்டு விலகினார்.

மூவரிடமும் திறமைக்குக் குறைவில்லை. மூவரும் நின்ற இடம்தான் அவர்களுடையதாக இல்லை. திடல் நகராட்சியுடையது, வயல் இன்னொருவருடையது, தோட்டம் பிரபுவுடையது. ‘போ’ என்று நிலத்துக்காரர் சொன்னால் போக வேண்டும். இசை விழாவில் பாட்டுக்காரர்களைப் பிடிப்பது இரண்டாவது வேலை. நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் வேலை.

இப்போது ஈவிஸுக்கு வருவோம். அப்பா பால்பண்ணைக்காரர், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்தவர். அம்மா பள்ளி ஆசிரியை. மகனுக்கு மாட்டின்மேல் நாட்டமில்லை, கடலின்மேல்தான். கப்பல் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு, யூனியன் காஸில் நிறுவனக் கப்பல்களில் ஆப்பிரிக்கப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பத்தொன்பது வயதில் அப்பா புற்றுநோயில் இறந்தார். 150 ஏக்கர் நிலம், அறுபது கறவை மாடு, அவற்றோடு கடனும் மகன் தலையில் விழுந்தது. கப்பல்காரர் ஊர் திரும்பினார். பால் வருமானம் போதாமல் கொஞ்சகாலம் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார்.

பதினைந்து ஆண்டுக்குமேல் ஓடியது. 1970 ஜூனில், பக்கத்து ஊரில் பேனிஸ்டர் நடத்திய அந்த விழாவுக்கு, பின்னாளில் மனைவியான ஜீனுடன் போனார். லெட் செப்பலினைக் கேட்டார். ‘இதை நம் வயலிலேயே வைத்தால் என்ன, கடன் அடையுமே’ என்று தோன்றியது. புரட்சி, பூக்களின் தலைமுறை, புதிய யுகம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

மூன்றே மாதம். செப்டம்பர் 19-ஆம் தேதி விழா. அதற்கு முந்தின நாள்தான் லண்டனில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்திருந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். முக்கியக் குழுவாகப் பேசியிருந்த கிங்க்ஸ் வர மறுத்துவிட்டது. மார்க் போலனின் டைரனோசாரஸ் ரெக்ஸ் 500 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டு வந்து பாடியது. வந்தவர்கள் 1,500 பேர். கணக்குப் பார்த்தால் கையைக் கடித்திருந்தது. போலனுக்குக் கொடுக்க வேண்டியதை ஈவிஸ் பால் பணத்திலிருந்து தவணை தவணையாகக் கட்டித் தீர்த்தார். கடனடைக்க ஆரம்பித்த விழா புதுக்கடன் வைத்தது.

மறு ஆண்டு விழா அவர் நடத்தியது என்றே சொல்ல முடியாது. ஆண்ட்ரூ கெர் என்பவரும், வின்ஸ்டன் சர்ச்சிலின் பேத்தி அரபெல்லா சர்ச்சிலும் வந்து பண்ணையைக் கேட்டார்கள். வைட் தீவில் நடந்த வியாபாரத்தைப் பார்த்து மனம் கசந்தவர் கெர். பணம் வாங்காத விழா ஒன்று வேண்டும் என்பது அவர் கனவு. 1971 கோடைச் சங்கராந்தியில் அது நடந்தது. பில் ஹார்கின் என்பவர் சாரக் குழாய்களையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு முதல் பிரமிடு மேடையைக் கட்டினார். எகிப்தின் பெரிய பிரமிடின் அளவில் பத்தில் ஒன்று. அதில் ஒரு விடியற்காலையில் அவ்வளவாகப் பெயர் பெறாத டேவிட் போவி பாடினார். திரைப்பட இயக்குநர் நிக்கோலஸ் ரோக் படம் எடுத்தார். எல்லோருக்கும் அழகான நினைவு, யாருக்கும் காசில்லை. பிறகு பல ஆண்டு பண்ணையில் முறையான விழா எதுவுமில்லை.

1979-இல் ஹார்கினும் அரபெல்லாவும் மறுபடி வந்தார்கள். சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. பணம் வேண்டும். ஈவிஸ் பண்ணைப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் எடுத்துக்கொடுத்தார். கூட்டம் வந்தது, நஷ்டமும் வந்தது. 1980-இல் விழா வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. பரம்பரையாக வந்த நிலத்தை மூன்று நாள் பாட்டுக்காக அடகு வைத்தவர், அந்தக் கட்டத்தில் ஒதுங்கியிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை. 1981-இல் கடிவாளத்தைத் தம் கையில் எடுத்தார். அந்த ஆண்டு அவர் செய்த இரண்டு காரியங்கள் அடுத்த நாற்பது ஆண்டைத் தீர்மானித்தன.

முதலாவது, மேடை. வாடகைக்கு மேடை எடுத்து, கட்டி, பிரித்து, பணத்தைக் கரைப்பதற்குப் பதிலாக நிரந்தரமாக ஒன்றைக் கட்டினார். தந்திக் கம்பங்களையும், ராணுவ அமைச்சகம் கழித்துப்போட்ட உலோகத் தகடுகளையும் கொண்டு பிரமிடு வடிவத்தில் எழுப்பினார். ஜூனில் அது மேடை. குளிர்காலத்தில் மாட்டுத் தொழுவம், தீவனக் கிடங்கு. பண்ணைக்கு எப்படியும் ஒரு கொட்டகை வேண்டும். அதில் மூன்று நாள் பாட்டும் நடக்கட்டும். லண்டன் தொழில்காரர் எவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது, வந்திருந்தாலும் அவர்களிடம் கட்டிவைக்க மாடில்லை.

இரண்டாவது, கூட்டாளி. அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்துக்காக விழா நடத்துவதாக அறிவித்தார். அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்துக்கு வரப்போகின்றன என்று நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். இயக்கத்தின் கிளைகள் ஊர் ஊராக டிக்கெட் விற்றன. கட்டணம் எட்டு பவுண்டு. முதன்முறையாக லாபம் வந்தது; 20,000 பவுண்டு இயக்கத்துக்குப் போனது. மெதடிஸ்ட் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் சேர்ப்பதில் ஒரு கூச்சம் இருக்கலாம், நல்ல காரியத்துக்குச் சேர்ப்பதில் அந்தக் கூச்சம் இருக்காது. பனிப்போர் முடிந்ததும் கிரீன்பீஸும் ஆக்ஸ்ஃபாமும், பிற்பாடு வாட்டர்எயிடும் அந்த இடத்துக்கு வந்தன. ஆக்ஸ்ஃபாமின் தொண்டர்கள் வாசலில் நின்று டிக்கெட் சரிபார்க்கிறார்கள், அதற்கான தொகை அந்த அமைப்புக்குப் போகிறது. காவலுக்கு ஆளும் கிடைத்தது, தருமமும் நடந்தது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பயிரை மிதிக்கிறார்கள், ராத்திரியெல்லாம் இரைச்சல், சாலையில் நகர முடியவில்லை என்று பில்டனில் புகார். 1982-இல் வந்த சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைத் தந்தது. 1983-இலிருந்து மெண்டிப் மாவட்ட மன்றத்தின் உரிமம் இல்லாமல் விழா வைக்க முடியாது என்றாயிற்று; அப்போது முப்பதாயிரம் பேருக்குமேல் கூடாது. அடுத்த ஆண்டே நிபந்தனையை மீறினார் என்று அவர்மீது ஐந்து வழக்கு. ஷெப்டன் மாலட் நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்க விசாரணை நடந்தது, ஐந்தும் தள்ளுபடியாயின. 1987-இல் மன்றம் உரிமம் தர மறுத்தது. விழாவுக்குச் சில வாரமே இருந்தபோது நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. ஒரு விழா நடத்துநரின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது: மனு, விசாரணை, கழிப்பறை எண்ணிக்கை, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, ஒலி அளவு. பாட்டுச் சத்தம் அதன் இடைவெளிகளில் கேட்பதுதான்.

வழக்காடிக்கொண்டே அவர் இன்னொன்றும் செய்தார். 1985-இல் அண்டைப் பண்ணை ஒன்றை வாங்கி நூறு ஏக்கர் சேர்த்துக்கொண்டார். பெண்டில்டனை ஊர் ஊராக விரட்டிய அதே புகார்கள் இங்கேயும் எழுந்தன. ஆனால் இங்கே விரட்ட முடியவில்லை. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே கிராமத்தார். ஈவிஸ் ஓடிப்போகப் போவதில்லை என்பது மன்றத்துக்கும் தெரியும்.

சோதனைகள் அத்தோடு நிற்கவில்லை. 1990-இல் விழா முடிந்த கையோடு, வண்டிகளில் நாடோடியாகத் திரிந்த கூட்டத்துக்கும் காவலாளிகளுக்கும் கைகலப்பு மூண்டது. 235 பேர் கைதானார்கள். மறு ஆண்டு விழா இல்லை. 1994-இல் விழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு அந்தத் தொழுவ மேடை தீப்பிடித்து எரிந்தது. மாற்று மேடையில் சமாளித்தார்கள். அதே ஆண்டுதான் சேனல் 4 முதன்முறையாக விழாவை ஒளிபரப்பியது. வேலி தாண்டி வர முடியாதவர்களின் வீட்டுக்குள் விழா போய்ச் சேர்ந்தது. 1997-இல் பிபிசி வந்தபோது காட்டுவதற்குச் சேறுதான் கிடைத்தது. சாமர்செட்டின் களிமண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று பிரிட்டன் முழுவதும் பார்த்தது. அந்த ஆண்டு ஈவிஸ் வெல்ஸ் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்றார். நாடெங்கும் கட்சி அலை வீசியது. அவர் மூன்றாம் இடத்துக்கு வந்தார். 1999-இல், விழாவுக்குச் சில வாரம் இருக்கையில், ஜீன் காலமானார். ஆசிரியைப் படிப்புக்குப் போயிருந்த மகள் எமிலி அப்பாவுக்குத் துணையாகப் பண்ணைக்குத் திரும்பினார்.

உண்மையான நெருக்கடி 2000-இல் வந்தது. விற்ற டிக்கெட் ஒரு லட்சம். உள்ளே இருந்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வேலியில் ஏணி சாய்த்து, சுரங்கம் தோண்டி, ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டவர்களும் உண்டு. பல ஆண்டாக ஈவிஸ் இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகட்டுமே என்ற பெருந்தன்மை விழாவின் பெயரோடு ஒட்டிய குணமாகவே ஆகியிருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாரக் கடைசியில், டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் மேடை முன்னால் நெரிசலில் சிக்கி ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். இனிமேல் இப்படி நடத்தினால் உரிமம் கிடையாது என்று மன்றமும் காவல்துறையும் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டன. அவருக்கு அபராதமும் விழுந்தது. 2001-இல் விழா நடக்கவில்லை.

அப்போது அவர் எடுத்த முடிவு பழைய அன்பர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. வின்ஸ் பவர் என்ற ஐரிஷ்காரரின் மீன் ஃபிட்லர் நிறுவனத்தைப் பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் கூட்டாகச் சேர்த்தார். ரீடிங் விழா பெண்டில்டனிடமிருந்து கைமாறிப் போனது இதே நிறுவனத்திடம்தான். பத்து லட்சம் பவுண்டு செலவில் ஏற முடியாத எஃகு வேலி பண்ணையைச் சுற்றி எழுந்தது. விழா விலைபோய்விட்டது என்று சிலர் எழுதினார்கள். 2007 முதல் டிக்கெட்டில் வாங்குபவரின் புகைப்படமும் வந்தது; கள்ளச்சந்தை ஒழிந்தது, நினைத்த நேரத்தில் கிளம்பிப் போகும் வழக்கமும் ஒழிந்தது. பெரிய நிறுவனம் உள்ளே வந்தும் நிலம் ஈவிஸிடமே இருந்தது. பத்தாண்டு கழித்து அந்த நிறுவனம் வெளியேறியது, குடும்பம் தொடர்ந்தது.

பண்ணையின் ஒழுங்குதான் இன்றும் விழாவின் ஒழுங்கு. சில ஆண்டுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்தைத் தரிசாக விடுவார்கள். 2006, 2012, 2018 அப்படிப்பட்ட ஆண்டுகள், 2026-உம் அப்படியே. 2012-க்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸ் நாட்டின் நடமாடும் கழிப்பறைகளையும் போலீஸாரையும் வளைத்துக்கொண்டது. விழா நாள்களில் மாடுகள் கொட்டிலுக்குள் இருக்கும், கறவை நிற்காது. கூட்டம் கலைந்ததும் காந்தம் பூட்டிய வண்டிகள் வயலை உழுவதுபோல் சுற்றிவந்து ஆணியும் கூடார முளையும் பொறுக்கும். புல்லோடு இரும்பு உள்ளே போனால் மாடு பிழைக்காது. மண்ணோடு மக்கும் முளைகளை வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததும் அதனால்தான். எல்லாம் குறைவின்றி நடந்தது என்று சொல்வதற்கில்லை. 2014 விழாவின்போது கழிவுத்தொட்டி கசிந்து பக்கத்து வைட்லேக் ஆற்றில் மீன்கள் செத்தன. வழக்கு நடந்து 2016-இல் அபராதம் கட்டினார்கள்.

பாடகர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்? மற்றப் பெரிய விழாக்களில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் என்று எமிலியே சொல்லியிருக்கிறார். ஆனாலும் வருகிறார்கள், அந்த மேடை தரும் பெயருக்காக. யார் பாடப்போகிறார் என்று தெரிவதற்குப் பல மாதம் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. விற்பனை மந்தமான ஆண்டும் உண்டு. 2008-இல் ராப் பாடகர் ஜே-ஸீயை முதன்மைப் பாடகராக அறிவித்தபோது, ‘இங்கே ஹிப்ஹாப்பா’ என்று ராக் குழுவான ஒயாசிஸின் நோயல் காலகர் முகம் சுளித்தார். ஜே-ஸீ மேடையேறியதும் ஒயாசிஸின் பாட்டையே கேலியாக எடுத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். அன்றைக்குக் கைதட்டியவர்களுக்கு அந்தத் தகராறு நினைவிருந்திருக்காது. எமிலியின் தலைமுறை விழாவுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

1970-இல் ஒரு பவுண்டாக இருந்த கட்டணம் 2025-இல் 373 பவுண்டு ஐம்பது பென்ஸ். விலைவாசியை எவ்வளவு கழித்தாலும் இது பெரிய ஏற்றம். இன்றைய தொழிலாளி மகன் அங்கே வர முடியுமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பணத்தில் ஒரு பகுதி பில்டனிலேயே தங்கியிருக்கிறது என்பதும் உண்மை. ஈவிஸ் கொடுத்த நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் எழுந்திருக்கின்றன. சொந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் வெளியேறிய குடும்பங்களுக்காக அவை. கிராமத்தாருக்காகச் செப்டம்பரில் தனியாக ஒரு சின்ன விழாவும் நடக்கிறது.

2024-இல் விழா நிறுவனத்தில் இருந்த தம் பங்குகளை அவர் எமிலியின் பெயருக்கு மாற்றினார். எமிலியும் கணவர் நிக் டூயியும் இப்போது நடத்துகிறார்கள். அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்தது பெயர் மட்டுமில்லை, ஒரு பழைய கணக்கும் வந்திருக்கிறது. 150 ஏக்கரில் தொடங்கிய விழா இன்று சுமார் 900 ஏக்கரில் நடக்கிறது. அதில் ஒரு பகுதி அண்டை நிலத்துக்காரர்களுடையது. ஒவ்வொருவரிடமும் பேசி, குத்தகை முடித்து, அடுத்த தலைமுறை வாரிசுகளிடம் மறுபடி பேசித்தான் வேலி போட வேண்டும். பேனிஸ்டரும் பெண்டில்டனும் சந்தித்த கேள்வி, சிறிய அளவில், எமிலியின் மேசையிலும் இருக்கிறது. 2027-க்கான குத்தகைப் பேச்சில் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தால், அந்த ஆண்டு மேடையில் யார் பாடுகிறார் என்பதைவிட விழாவின் எதிர்காலம் நமக்கு நன்றாகப் புரியும்.